குறுக்கே வராத நாய்

ஜூன் 3, செவ்வாய்

இன்று பதினோரு கதவு மாட்டினேன். புது அடுக்குமாடி, மூன்றாவது தளம் முழுக்க. பதினொன்றும் ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் மூடும். வீட்டுக்கு வந்தால் என் வாசல் கதவு தரையைத் தேய்த்துக்கொண்டு 'க்ர்ர்' என்று வரவேற்கிறது. அடியில் கால் இஞ்ச் சீவினால் போதும். நாலு வருடமாகச் சீவப்போகிறேன்.

சாயங்காலம் மகனுடைய சிநேகிதன் ஒல்லி வந்திருந்தான். பதினாலாம் தேதி கால்பந்துப் போட்டி ஆரம்பிக்கிறதாம், உலகத்திலுள்ள நாடெல்லாம் ஆடுகிறதாம். மகன் அறையில் இவர்கள் பேசியது கூடத்தில் கேட்டது.

"போன தடவை பார்த்த பார்லயே பாக்கலாம்டா. பெரிய திரை போட்டிருக்கான்."

"அது மாடிடா."

"நாங்க நாலு பேர் இருக்கோமே, தூக்கிட மாட்டோமா?"

"பாடையில கூட நாலு பேர்தான் தூக்குவாங்க."

ஒல்லி காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டான். பதினாறு மாதமாக மகன் ஆஸ்பத்திரி தவிர எங்கும் போனதில்லை. மேட்ச் எல்லாம் போனில்தான். காதில் மாட்டிக்கொண்டு பார்ப்பான். சத்தம் வராது. கோல் விழுந்தால் கட்டில் மட்டும் ஒரு தடவை கிறீச்சிடும்.

எனக்கு என்ன தோன்றியதோ, வாசலில் நின்று, "சக்கர நாற்காலி போற மாதிரி ஒரு இடம் நான் பாக்கிறேன்டா" என்று சொல்லிவிட்டேன்.

"உங்களுக்குப் பார்னா என்னன்னு தெரியுமாப்பா?"

நாலு வார்த்தை. இந்த மாதத்தில் அவன் என்னிடம் ஒரே மூச்சில் பேசியது இதுதான். அவன் கேட்டதும் நியாயம். ஐம்பத்தாறு வயதில் நான் குடித்த உச்சபட்ச போதை இருமல் மருந்து.

ஜூன் 5, வியாழன்

வேலை முடிந்து, டேப்பும் இந்த அளவு நோட்டும் கையுமாக அந்த மாடி பாருக்குப் போனேன். மொத்தம் இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படியும் ஏழரை இஞ்ச் உயரம், எல்லாம் குறித்துக்கொண்டேன். எதற்குக் குறித்தேன்? இருபத்திரண்டு படி என்றவுடனே கதை முடிந்துபோயிற்று. கை சும்மா இருக்காது.

கழிவறைக் கதவை அளக்கக் குனிந்தபோது பரிமாறுகிறவர் ஓடி வந்தார்.

"சார், மேனேஜர் வெளியே போயிருக்கார். நோட்டீஸ் எதுவும் குடுத்துடாதீங்க சார்."

நகராட்சி ஆள் என்று நினைத்துவிட்டார். கதவு மாட்டுகிறவன் என்றதும் அவர் முகத்தில் மரியாதை இறங்கிப்போனதைப் பார்க்க வேண்டும்! "ஒரு சோடா" என்றேன். "அதோட?" என்றார். "கிளாஸ்" என்றேன்.

மகனுடைய நாற்காலி சக்கரத்துக்குச் சக்கரம் இருபத்தைந்து இஞ்ச். கைமுட்டி உரசாமல் உருட்ட இருபத்தெட்டு. தாராளமாக முப்பது வேண்டும்.

ஜூன் 7, சனி

பெரிய ஓட்டலில் இருக்கும் பார். சாய்தளம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, லிஃப்ட் கதவு முப்பத்திரண்டு. கழிவறையில் கைப்பிடிக் கம்பிகூட இருக்கிறது. எனக்கு வாயெல்லாம் பல். மேனேஜரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். டை கட்டிய பையன், என் மகன் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"மேட்ச் நாள்ல கூட்டமா இருக்கும் சார். வேற நாள்ல கூட்டிட்டு வாங்களேன். ஆளுங்க ஜாலியா இருக்கணும்னு வர்றாங்க, நான் சொல்றது புரியுதில்ல?"

புரிந்தது. சோடாகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டில் லிஃப்ட் ரிப்பேர் என்று சொன்னேன். பொய் சொல்ல என் வாய்க்கு ஒருவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

என் வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஊர்ல அப்பன்காரன் எல்லாம் பிள்ளையை பார்லேர்ந்து இழுத்துட்டு வருவான். கொண்டு போய் விடறதுக்கு இடம் தேடற ஒரே ஆள் நீங்கதான்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் ஒரு சட்டையை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய நீலச் சட்டை, முதுகில் பத்தாம் நம்பர் போட்டது. "தேடுங்க" என்றாள்.

ஜூன் 11, புதன்

கிடைத்துவிட்டது!

டயர் கடைக்குப் பக்கத்தில், தரைத்தளம். வெளியிலிருந்து பார்த்தால் பார் மாதிரியே இல்லை, அரிசி கிடங்கு மாதிரி இருக்கிறது. முன்னாலே கிடங்காகத்தான் இருந்ததாம். அதனால்தான் வாசல் நாலு அடி அகலம். நிலைப்படி இரண்டே இஞ்ச், ஒரு பலகையைச் சீவிப் போட்டால் போதும். டிவி சுவரில் தாழ்வாக, உட்கார்ந்தவன் கண்ணுக்கு நேராக. கழிவறையும் பழைய சாமான் அறைதான், நாற்காலி நிற்க உள்ளே இடம் போதும். கதவு முப்பத்திரண்டு. நிலை என்ன நிலை தெரியுமா, அசல் தேக்கு! இந்தக் காலத்தில் யார் கழிவறைக்குத் தேக்கு போடுகிறான்? தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நடத்துகிறவர் ஒரு அம்மா. ஐம்பது இருக்கும். மூக்குக் கண்ணாடி எப்போதும் தலையில், கண்ணில் இல்லை.

"அண்ணே, அரை மணி நேரமா அளக்கறீங்க. வாங்கப் போறீங்களா, இடிக்கப் போறீங்களா?"

சொன்னேன். மகன், சக்கர நாற்காலி, மேட்ச் எல்லாம். அவர் 'அடப் பாவமே' என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கண்ணாடியை இறக்கி டிவியையும் டேபிள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலாவது டேபிள்தான் நல்லா தெரியும். அங்க ஒரு நாற்காலியை எடுத்துடறேன். தம்பி சொந்த நாற்காலியோட வர்றார், நம்மளோடது எதுக்கு?"

சோடாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "அளக்க வர்றவங்களுக்கு இலவசம்" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

நாளைக்குப் போட்டி ஆரம்பம். இடம் பார்த்துவிட்டேன் என்று மகனிடம் சொன்னேன். "ம்" என்றான்.

இந்த நோட்டை யாரும் திறப்பதில்லை. முன்பக்கம் கதவு அளவு, பின்பக்கம் என் புலம்பல். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். வேறு எங்கே வைப்பது?

நாய் வரவில்லை.

பதினாறு மாதத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, மகனைப் பின்னால் உட்காரவைத்து பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். பச்சை கேட் வீட்டைத் தாண்டும்போது, அதன் வாசல் ரெட்டைக் கதவு தெரிந்தது. நான் மாட்டியது. ஒன்பது நாள் வேலை. "அதோ பார்றா, அப்பன் கைவேலை!" என்று ஒரு கையை எடுத்துக் காட்டினேன். முகத்தையும் திருப்பினேன். முன்னால் மணல் லாரி நின்றுகொண்டிருந்தது. ஓடுகிற லாரிகூட இல்லை. நிற்கிற லாரி.

எனக்கு முழங்கையில் இரண்டு தையல். அவனுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இவள் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டபோது, என் வாயிலிருந்து நாய் வந்தது. "நாய் குறுக்க வந்துடுச்சு." என்ன நாய் என்றாள். செவலை நாய் என்றேன். நிறத்தோடு வந்துவிட்டது. மூன்றாம் நாள் அவனுக்கு நினைவு திரும்பியதும் அவனிடமும் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "ஆமாம்மா, நாய்தான்" என்றான்.

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் உண்டு. மிச்சச் சோற்றை விளிம்பு உடைந்த கிண்ணத்தில் போட்டு இவள்தான் வளர்த்தாள். அன்றிலிருந்து அதைக் கண்டாலே கல்லெடுக்கிறாள். அதற்கு ஒன்றும் புரியவில்லை. முதல் ஒரு மாதம் வாலை ஆட்டிக்கொண்டே அடி வாங்கியது.

ஜூன் 14, சனி

தலைவலி என்றான். போகவில்லை. தலைவலி எனக்கும் வந்தது.

ஜூன் 17, செவ்வாய்

"நீலச்சட்டைக்காரங்க மேட்ச் எப்போ?" என்று கேட்டேன். அவனுடைய நாடு அல்ல, யாருடைய நாடோ. ஆனால் சின்ன வயதிலிருந்து அவன் உயிரை அவர்களிடம்தான் அடகு வைத்திருக்கிறான்.

"வெள்ளிக்கிழமை. அஞ்சரை."

"போலாமா?"

போனைப் பார்த்துக்கொண்டே, "ஒல்லி வர்றானா கேளுங்க" என்றான்.

சமையலறைக்குப் போய் இவளிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். அப்புறம், "எந்தச் சட்டை போடுவான்? அயர்ன் பண்ணணும்" என்றாள். எந்தச் சட்டை போடுவான், அந்தப் பத்தாம் நம்பரைத்தான்.

வேலையில் மிச்சமான பலகையில் நிலைப்படிக்குச் சரிவு செய்தேன். முப்பது வருடத்தில் இவ்வளவு கவனமாக நான் எதையும் இழைத்ததில்லை.

ஜூன் 20, வெள்ளி

எங்கிருந்து ஆரம்பிப்பது?

வேனில் போனோம். பலகை கச்சிதமாக உட்கார்ந்தது. நாலாவது டேபிளில் சொன்னபடி ஒரு நாற்காலி குறைவு. அந்த அம்மா கண்ணாடியை இறக்கி மகனைப் பார்த்து, "நீலமா? நான் வெள்ளைச்சட்டைப் பக்கம். சண்டை வந்தா டேபிளை மாத்திடுவேன்" என்றார். அவன் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். என் மகனுக்கு மேல்வரிசையில் ஒரு பல் லேசாகக் கோணல். அதையே நான் மறந்திருந்தேன்.

ஒல்லி எனக்கு ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தான். கடைசி ஆளுக்கு முன்னால் நிற்கக் கூடாதாம். "முன்னாடி போகாம எப்படிடா கோல் போடறது?" என்று கேட்டேன். பக்கத்து டேபிளே சிரித்தது. இருபதாவது நிமிடத்தில் பந்து வலைக்குள் போனதும் நான் எழுந்து கை தட்டினேன். போட்டது வெள்ளைச்சட்டை. "அப்பா, உக்காருங்க, மானம் போகுது" என்றான் மகன். அதைக்கூட எவ்வளவு ஆசையாகக் கேட்டேன்! பத்து நிமிடம் கழித்து நீலம் ஒன்று போட்டது. இந்த முறை அவன் கத்தினான். போனுக்குள் அடைத்துவைத்திருந்த சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்த மாதிரி இருந்தது.

இடைவேளைக்குச் சற்று முன்னால், சிரித்த பக்கத்து டேபிள்காரர் மகன் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷர்தான், வறுத்த கடலைத் தட்டை இவன் பக்கம் தள்ளிவிட்டே கேட்டார்.

"எப்படி ஆச்சு தம்பி?"

மகன் வாயைத் திறந்தான். அதற்குள் நான், "பைக்ல போறப்ப நாய் குறுக்க வந்துடுச்சுங்க" என்றேன்.

"இந்த நாய்ங்க தொல்லை தாங்கல சார்" என்றார் அவர். மகன் கடலையை எடுக்கவில்லை.

இடைவேளையில் கழிவறைக்குப் போனோம். முப்பத்திரண்டு இஞ்ச் கதவில் நாற்காலி வெண்ணெய் மாதிரி நுழைந்தது. நுழைந்தது சரி. கதவை மூட முடியவில்லை. கதவு உள்பக்கம் திறக்கிறது. நாற்காலி உள்ளே நின்றால் கதவு சக்கரத்தில் இடிக்கிறது. முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன், சாய்த்துத் திருப்பினேன். மூடவே இல்லை.

வெளியே இடைவேளை வரிசை, பத்துப் பேர். நான் வாசலில் மகனுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டேன். தொந்தியும் பனியனுமாக. "என்னண்ணே, திரை விலகுமா?" என்றது ஒரு குரல். யாரோ அவனை அதட்டி அடக்கினார்கள். எனக்குப் பின்னால் மகன் அவ்வளவு மெதுவாக, "போயிடலாம்பா" என்றான்.

இரண்டாம் பாதி பார்க்கவில்லை. வேன் கிளம்பும்போது உள்ளே பெரிய கூச்சல் கேட்டது. யார் போட்டார்கள் என்று ஒல்லி எட்டிப் பார்த்தான். மகன் திரும்பவே இல்லை.

ஜூன் 21, சனி

அவன் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. நீலச் சட்டை அழுக்குக் கூடையில்.

ஜூன் 22, ஞாயிறு

அடேய் மடையா. மடையா. கதவு எந்தப் பக்கம் தொறக்குதுன்னு பாக்காம என்னத்தடா அளந்தே?

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான். அகலம் கேட்பதற்கு முன்னால், மரம் கேட்பதற்கு முன்னால், "உள்பக்கம் திறக்கணுமா, வெளிப்பக்கம் திறக்கணுமா?" முப்பது வருடமாகக் கேட்கிறேன். ஆயிரக்கணக்கான கதவு. சொந்த மகனுக்கு ஒரு கதவு பார்க்கும்போது கேட்கவில்லை. ஏன்? தேக்கு நிலையைத் தடவிக்கொண்டு நின்றேன். அழகு பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன தடவையும் கதவைத்தான் பார்த்தேன், ரோட்டைப் பார்க்கவில்லை. இந்தத் தடவையும் கதவைத்தான் பார்த்தேன்.

ஜூன் 25, புதன்

காலை பதினோரு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு அந்த பாருக்குப் போனேன். அப்போதுதான் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும், "உக்காருங்கண்ணே" என்று மட்டும் சொன்னார்.

"கழிவறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாத்தித் தரேன். கூலி வேணாம்."

"கூலி நான் தருவேன். தம்பி மட்டுமில்ல, என் மாமனாரும் வாக்கரோட அந்தக் கதவுல தினம் சண்டை போடறார். எனக்குத் தோணலை பாருங்க."

கீலைக் கழற்றினேன். நிலையில் கதவு பதிகிற உள்காடியை நிரப்பி, வெளியே புதுக் காடி எடுத்தேன். பழைய கீல் இருந்த பள்ளங்களுக்குத் தேக்குத் துண்டு வைத்து அடைத்தேன். உட்கார்ந்தபடியே இழுத்துச் சாத்த, கதவின் உள்பக்கம் குறுக்கே ஒரு நீளக் கைப்பிடி. தாழ்ப்பாள் இரண்டரை அடி உயரத்தில். நானே டயர் கடையிலிருந்து ஒரு ஸ்டூல் வாங்கி உள்ளே உட்கார்ந்து மூடிப் பார்த்தேன், திறந்து பார்த்தேன், மூடிப் பார்த்தேன். தரை கழுவுகிறவர், "உள்ள ஆளா, வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கிளம்பும்போது அந்த அம்மா, "தம்பி வருவாரா?" என்றார்.

"தெரியலைங்க."

"நாலாவது டேபிள்ல அந்த நாற்காலியை நான் திருப்பிப் போடலை" என்றார்.

ஜூன் 28, சனி

இன்று அவன் அறைக்குள் போனேன். கட்டிலோரம் நின்று, "கதவை மாத்திட்டேன்டா. இப்ப வெளிப்பக்கம் திறக்கும்" என்றேன்.

ஒரு காதிலிருந்து மட்டும் கருவியை எடுத்தான். "எந்தக் கதவு?"

"பார்ல. பாத்ரூம் கதவு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் இன்னொரு காதிலிருந்தும் எடுத்தான்.

"கதவு மூடலைன்னு நான் கிளம்பினேன்னு நினைச்சீங்களாப்பா? ஆஸ்பத்திரில எத்தனை பேர் முன்னாடி என்னைத் துடைச்சு விட்டிருக்காங்க. ஒரு கதவுக்கா நான் மேட்ச்சை விட்டுட்டு வருவேன்? நீங்க தொந்தியோட நின்னதை நினைச்சு ஒல்லி வேன்ல சிரிப்பை அடக்கிட்டு வந்தான். நானும்தான்."

"பின்ன?"

"அந்த ஆள் யார்கிட்ட கேட்டார்? என்கிட்டத்தானே? நீங்க ஏன் முந்திக்கிட்டீங்க?"

நான் கட்டிலோரத்தில் உட்கார்ந்தேன்.

"வெளிய போனா கேப்பாங்கப்பா. போற இடமெல்லாம் கேப்பாங்க. அதனாலதான் நான் போறதில்ல. கால் போனதைக்கூட சொல்லிடுவேன். அந்த நாயை என்னால சொல்ல முடியல. ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கி மடியில வச்சுட்டுப் போற மாதிரி இருக்கு."

"அன்னைக்கு அம்மா கேட்டப்ப நீயும் ஏன்டா..."

"நீங்க நின்ன நிலை அப்படி. இன்னொரு வார்த்தை சொன்னா விழுந்துடுவீங்க போல இருந்துச்சு."

காதுக் கருவியைத் தலையணையடியில் வைத்தான். அப்புறம் அவன் சொன்னான்: "நான் பார்க்குக்கும் போறேன், பாருக்கும் போறேன், எங்கயும் போறேன். ஆனா அம்மாகிட்ட நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்."

அறையை விட்டு வெளியே வரும்போது, பின்னாலிருந்து, "அன்னைக்கு அந்தப் பச்சை கேட் வீட்டுக் கதவை நானும் பார்த்தேன்பா. நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

கொல்லைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. தண்ணீர் பாதியில் நின்றுவிட்டது. என் ராசி.

ஜூன் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தால் வெங்காயத்துக்கா எனக்கா என்று தெரியாது என்று கோழைத்தனமாக நேரம் பார்த்துத்தான் சொன்னேன். "நாய் வரலை. நான்தான் அந்தப் பச்சை கேட் வீட்டுக் கதவைக் காட்டறேன்னு திரும்பினேன்."

கத்தியைக் கீழே வைத்தாள். திட்டுவாள், அடிப்பாள், எதற்கும் தயாராகத்தான் நின்றேன்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் மட்டும்தானா?"

அவ்வளவுதான் கேட்டாள். அப்புறம், என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், "அதை எத்தனை தடவை அடிச்சேன். கால்ல கூட ஒரு தடவை பட்டுச்சு" என்றாள். வெங்காயத்தை முழுவதும் நறுக்கி முடித்தாள். தலையணையை எடுத்துக்கொண்டு மகன் அறைக்குப் போய்விட்டாள்.

ஜூலை 2, புதன்

"அப்பாவைச் சாப்பிடச் சொல்லு." மகன் மூலம். நான் எதிரே ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்று மாலை நீலச்சட்டைக்கு முக்கியமான மேட்ச்சாம். ஒல்லி வேனோடு தெருவில் நின்று ஹாரன் அடித்தான். மகன் தானே உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். நான் கூடத்தில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். கதவை இழுத்தான். 'க்ர்ர்' என்றது. பாதியில் நின்றது. இன்னும் பலமாக இழுத்தான். கதவு வரவில்லை, நாற்காலிதான் கதவை நோக்கி நகர்ந்தது. சக்கரத்தைப் பிடித்தால் கதவை விட வேண்டும், கதவைப் பிடித்தால் சக்கரத்தை விட வேண்டும்.

ஊர் பூராவும் டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இருபத்திரண்டு படியை எண்ணினேன். என் மகன் பதினாறு மாதமாகத் தானாகத் திறக்க முடியாத கதவு என் வீட்டுக் கதவு. கால் இஞ்ச்.

இவள் வந்து, பேசாமல் கதவைத் தூக்கி இழுத்துத் திறந்துவிட்டாள். அவளுக்குப் பழக்கம்.

நான் செருப்பில் காலை விட்டபோது அவன், "நீங்க வேணாம்பா, இன்னைக்கு நாங்க போயிட்டு வர்றோம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

வாசல் கதவைக் கழற்றிச் சீவினேன். கால் இஞ்ச்தான் தேவை, அரை இஞ்ச் சீவினேன். வாசல் படிக்கும் ஒரு சரிவுப் பலகை போட்டேன். இவள் எதுவும் சொல்லாமல் மரத்தூளைப் பெருக்கி அள்ளினாள். இப்போது ஒரு விரலால் திறக்கிறது. வீட்டுக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்பதே தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

நீலச்சட்டை தோற்றுவிட்டது. ஒல்லி சொன்னான்: பாரில் ஒருத்தர் மகனிடம் எப்படி ஆச்சு என்று கேட்டாராம். "எங்கப்பா பைக் ஓட்டினார், லாரியில இடிச்சுட்டோம்" என்றானாம். அந்த ஆள் "அப்படியா" என்றாராம். அப்புறம் பெனால்டி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம்.

அவ்வளவுதான். ஒரு 'அப்படியா'. இதற்கா நான் ஒரு நாயைப் பெற்று வளர்த்தேன்?

ஜூலை 13, ஞாயிறு

இறுதிப் போட்டி. நீலம் இல்லாவிட்டாலும் போகிறான். நாலு மணிக்கே கிளம்பிவிட்டான். ஒரு விரலால் கதவைத் திறந்து, சரிவுப் பலகையில் இறங்கி, தெருவில் தானே உருட்டிக்கொண்டு போனான். அந்த அம்மா நாலாவது டேபிளை அவனுக்காகப் பிடித்து வைத்திருக்கிறாராம். மகனே சொன்னான், என்னிடமே சொன்னான்.

நான் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். டிவி போடவில்லை. எந்தச் சட்டை யார் என்று சொல்ல ஆள் இல்லாமல் எனக்கு என்ன மேட்ச்?

ஆறு மணி சுமாருக்கு இவள் சமையலறையிலிருந்து வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். இரண்டு வாரம் ஆகிறது நேராக ஒரு வார்த்தை பேசி. கையில் அந்த விளிம்பு உடைந்த கிண்ணம். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ. மிச்சச் சோற்றில் கொஞ்சம் பால் ஊற்றியிருந்தாள். படியோரம் வைத்துவிட்டு நின்றாள்.

செவலை நாய் எதிர்ச் சுவரோரம் இருந்தது. பார்த்தது. வரவில்லை. இவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அது நாலடி பின்னால் போனது, கல்லெடுக்கிறாள் என்று நினைத்திருக்கும். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பின்னங்காலை லேசாக நொண்டிக்கொண்டு பாதித் தெரு வரை வந்து நின்றது.

"வா. ஒண்ணும் பண்ணமாட்டேன், வா" என்றாள். கிண்ணத்தை அதன் பக்கம் தள்ளினாள்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் 'வா' என்று சொன்னதே இல்லை. 'வாங்க'தான். நாயைத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.